சுடுடம்ளர் வைக்காத மேசை

மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்ற செய்தி வியாழக்கிழமை காலையில் வந்தது. பாலிஷ்காரர் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு வரவில்லை, அவர் மனைவியின் கைபேசிக்கு வந்தது. மகள் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இந்தப் பதினோரு நாளில் அவர் நாற்பது தடவையாவது கூப்பிட்டிருப்பார். ஒரு தடவைகூட அவள் எடுக்கவில்லை.

மனைவி பேசி முடிக்கிறவரை வாயில் நுரையோடு அப்படியே நின்றார்.

“என்னவாம்?”

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றாளாம். சர்டிபிகேட்டையும் துணிமணியையும் எடுத்துட்டுப் போறதுக்கு.”

“போறதுக்கா? எங்க?”

“அவ சேர்ந்த கடைக்கு வெளியூர்ல இன்னொரு கடை இருக்காம். அங்க போட்டுட்டாங்களாம். தங்க இடமும் குடுக்குறாங்களாம். சாயங்காலம் பஸ்ஸு.”

“என்னைப் பத்திக் கேட்டாளா?”

மனைவி தையல் மெஷினில் மாட்டியிருந்த சோபா உறையைப் பிரித்து, மறுபடியும் அதே இடத்தில் மாட்டினாள். “கேட்டா. வீட்ல இருப்பீங்களான்னு கேட்டா.”

“பாத்தியா, கேட்டிருக்கா.”

“இருந்தீங்கன்னா அவ கீழேயே நிக்கிறாளாம். நான் மூட்டையைக் கட்டி இறக்கிக் குடுத்துடணுமாம்.”

பாலிஷ்காரர் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். வருவதற்கு நேரமானது.

“நீ என்ன சொன்னே?”

“இருப்பாரு, நீ மேல வான்னேன். இத்தனை வருஷம் ஏறின படிதானே, ஏறி வந்து ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போன்னேன்.”

“அதுக்கு?”

“பாக்கலாம்னா.”

அந்த ஒரு ‘பாக்கலாம்’தான் பாலிஷ்காரர் கையில் மிச்சமிருந்தது. அதையும் விட்டால் மகள் பஸ் ஏறிவிடுவாள். அவளுடைய பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். போனால் போனதுதான்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர். கதவோ கட்டிலோ அலமாரியோ, எதைக் கொடுத்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டுத் தொட்டு ஏற்றி, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவார். அவருக்கு இரண்டு வசனங்கள் உண்டு. ஒன்று, “எந்தக் கறைக்கும் என்கிட்ட மருந்து இருக்கு.” இது பெரும்பாலும் உண்மை. மற்றது, “நாளைக்கு முடிஞ்சிடும்.” இது முப்பது வருஷமாக அவர் சொல்லிவரும் பொய். மகள் சின்ன வயதில் கிழமைகளைச் சொல்லிப் பழகியபோது, “அப்பாவுக்கு மட்டும் எட்டுக் கிழமை, எட்டாவது பேரு நாளைக்கு” என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வீட்டில் இருந்த ஒரே நல்ல சாமான் அந்தத் தேக்கு மேசை. கல்யாணமான வருஷம் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாங்கிப்போட்டது. ஆறு பேர் உட்காரலாம். இருந்தது மூன்று பேர். மேசை போக அறையில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம். அதற்கு அவர் ஏற்றியிருந்த பாலிஷுக்குக் கணக்கே கிடையாது, வேலை இல்லாத நாளெல்லாம் அதன்மேல்தான் கை. அதனால் மேசைக்குச் சட்டம் இருந்தது. சூடான பாத்திரம் வைக்கக் கூடாது. ஈரக்கை படக் கூடாது. டீயைக் கையில் பிடித்தபடிதான் குடிக்க வேண்டும். ஆறு பேர் சாப்பிடும் மேசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் இருபத்தாறு வருஷமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. வந்தவர்கள் சிரித்தால் பாலிஷ்காரரும் சிரிப்பார், ஆனால் டம்ளரை வைக்க விடமாட்டார்.

அந்த மேசையில்தான் பதினோரு நாளுக்கு முன்னால் கறை விழுந்தது.

அன்று காலை வேலைக்குப் போனவர், கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று பத்து மணிக்குத் திரும்பி வந்தார். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது நகச்சாயம் அழிக்கிற மருந்தின் நெடி. மகள் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பஞ்சு, சின்ன பாட்டில், நான்கு விரலில் அடர்சிவப்பு நகச்சாயம். மேசையில் உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் கரைந்து, வெளுத்து, நடுவில் சிவப்பாகக் கறை. அவள் ஈரத்துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணி! இந்த வீட்டில் பிறந்த பெண்.

அவர் என்னென்னவோ கத்தினார். மேசையைப் பற்றிக் கத்தியது வரை குற்றமில்லை. “யாருக்குக் காட்டுறதுக்குடி இந்தச் சாயம்?” என்று ஆரம்பித்தது, கடைசியில் ஒரு வார்த்தையில் போய் முடிந்தது. தெருமுனையில் இருட்டில் நிற்கிற பெண்களைச் சொல்கிற வார்த்தை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. சொன்னவருக்கே அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. மகள் மிச்சம் நான்கு விரலையும் நிதானமாகத் துடைத்தாள், பாட்டிலை மூடினாள், ஒரு பையில் இரண்டு செட் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை செய்தி வந்ததும் பாலிஷ்காரருக்குத் தோன்றியது ஒன்றுதான். அவள் மேலே வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கறை. கறையைப் பார்த்தால் வார்த்தை ஞாபகம் வரும். கறை இல்லாமல், மேசை பழையபடி பளபளவென்று இருந்தால், அப்படி ஒரு காலையே நடக்காத மாதிரி இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மனிதனுக்குத் தெரிந்த தொழில் எதுவோ, அவன் புத்தி அதற்குள்தானே சுற்றும்.

“அவ வர்றதுக்குள்ள அதைச் சரி பண்ணிடுறேன்” என்றார்.

“எதை?” என்றாள் மனைவி.

“மேசையைத்தான்.”

மனைவி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவள் வேகமாகத் தைப்பாள். அன்று மத்தியானத்துக்குள் ஒரு முழு சோபாவுக்கு உறை தயாராகிவிட்டது.

நகச்சாயக் கறைக்கு நகச்சாய மருந்துதான் என்று பாலிஷ்காரர் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. வளையலும் பொட்டும் தொங்கும் கடைக்குள் ஐம்பத்து நான்கு வயது ஆள் நனைந்துபோய் நிற்க, கல்லாவில் இருந்த பெண், “வாசனை போட்டது வேணுமா, போடாததா அங்கிள்?” என்று கேட்டாள். “வீரியமானதாக் குடும்மா” என்றார். அவள் சிரிப்பை அடக்கியது அவருக்குத் தெரிந்தது. மகளும் இந்நேரம் இப்படி ஒரு கல்லாவில் நின்று, யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள்.

மருந்து வேலை செய்யவில்லை. சுற்றியிருந்த நல்ல பாலிஷையும் சேர்த்துக் குழைத்ததுதான் மிச்சம். நகச்சாயம் என்றால் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு வந்தது, சிவப்பு வரவில்லை. அங்கேயே அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு அலமாரி என்னாச்சு என்று கேட்டார். “நாளைக்கு முடிஞ்சிடும்” என்று சொல்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை உப்புத்தாளை எடுத்தார். முதலில் நைஸ், பிறகு கொஞ்சம் சொரசொரப்பு, மத்தியானம் ஆனதும் கதவு சுரண்டுகிற முரட்டுத்தாள். இருபத்தாறு வருஷத்துப் பாலிஷ் மாவாக உதிர்ந்தது. கீழ்த்தளத்து மாவு மில்லிலிருந்து சன்னல் வழியாக வந்த மாவும் இதுவும் கலந்து அவர் புருவமெல்லாம் வெள்ளை. சிவப்பு மட்டும் அசையவில்லை. ஒரு சுற்றுத் தேய்த்து, துடைத்து, குனிந்து பார்த்தால் போய்விட்ட மாதிரி இருக்கும். ஈரம் பட்டதும் எங்கே போனேன் என்று எழுந்து வரும்.

சாயங்காலம் கூட வேலை செய்கிற தச்சர் தேடிக்கொண்டு வந்தார். தலையில் முடியில்லாததால் எல்லோருக்கும் அவர் மொட்டைத் தச்சர். குடையை மடக்கியபடி உள்ளே வந்தவர் மேசையைப் பார்த்ததும் குடையைக் கீழே வைத்தார்.

“அண்ணே, என்ன இது? குளம் வெட்டுறீங்களா?”

“கறை.”

“கறை எங்க இருக்கு? பள்ளம்ல இருக்கு.” தச்சர் உள்ளங்கையைப் பலகைமேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். கறை இருந்த இடத்துக்கு வந்ததும் கை இறங்கி ஏறியது. “போங்கண்ணே. ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனா நிக்கும்.”

“எவ்வளவு இருக்கும்?”

“அரை நூலுக்கு மேல, ஒன்றரை மில்லிமீட்டர் வச்சுக்கங்க. ஏண்ணே, நாலு நாள் பழகுன பையன் இந்த மாதிரி ஒரே இடத்துல தேய்ச்சா நீங்க அவன் கையை ஒடச்சிட மாட்டீங்க?”

பாலிஷ்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியாத பாடம் இல்லை. ஒரே இடத்தில் தேய்க்காதே, பலகை முழுக்கத் தேய் என்று எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: “நான் பேஸ்ட்டை வச்சுத் தேய்ச்சுப் பாருங்கன்னு சொன்னேன். கேக்கலை.”

“பேஸ்ட்டு வெள்ளைக் கறைக்குத்தான் அண்ணி ஆகும். இது உள்ள எறங்கிடுச்சு” என்றார் தச்சர். பிறகு அவரருகில் வந்து குரலை இறக்கினார். “பாப்பா வர்றாளாமே.”

“ம்.”

“வந்ததும் என்ன சொல்லப்போறீங்க?”

“மேசை சரியாயிடுச்சுன்னா...”

“மேசையை விடுங்கண்ணே. நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம்பாங்க. நீங்க கொட்டினது நெல்லு இல்ல. என் தங்கச்சிதான் எனக்குச் சொன்னா, நீங்க என்ன சொன்னீங்கன்னு. எனக்கே சோறு எறங்கல.”

“உன் தங்கச்சிக்கு எப்படித் தெரியும்?”

“அண்ணி சொல்லி அழுதிருக்காங்க. இது என்ன ராணுவ ரகசியமா?”

தச்சர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாலிஷ்காரர் சிறிது நேரம் அந்தப் பள்ளத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. கண்ணில் அரக்குத்தூள் விழுந்திருந்தது என்று மனைவி கேட்டால் சொல்லலாம். அவள் கேட்கவில்லை. இரவு ஒரு தட்டில் சோற்றையும் அவித்த முட்டையையும் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் பாலிஷைப் போட்டார். சிவப்பின் மேலேயே கருஞ்சாயம் தொட்டு மறைத்துவிடலாம் என்று கணக்கு. மழை நாளில் அரக்கு ஏற்றக் கூடாது, காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளை பூத்துவிடும். இதுவும் அவருக்குத் தெரியாததில்லை. சன்னலைச் சாத்தினார். அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கினார். மனைவியின் இஸ்திரிப் பெட்டியை மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையால் பிடித்துக்கொண்டு நின்றார், கை மரத்துப்போகும்வரை.

“என்னங்க இது?”

“காயணும்.”

“இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. அதுல பாதி நாள் இப்படிப் பெட்டியைத் தூக்கிட்டு நிக்கப்போறீங்களா? நாளைக்கு அவகிட்ட என்ன பேசணும்னு யோசிச்சீங்களா?”

“யோசிக்கிறேன்.”

“சொல்லுங்க, கேக்கலாம்.”

அவர் வாயைத் திறந்தார். “பாப்பா,” என்றார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இஸ்திரிப் பெட்டி இன்னொரு கைக்கு மாறியது.

மூன்று மணிக்குப் பாலிஷ் வெள்ளை பூத்துவிட்டது. பள்ளம் முழுக்கச் சாம்பல் தூவிய மாதிரி.

பாலிஷ்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் கழுவி எடுப்பதைத் தவிர. வேலைப் பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். போன வாரம் வரை கதவு வேலைக்காகச் செஞ்சாயம் கலந்து வைத்திருந்த சதுரப் பாட்டில், இப்போது அதில் வெறும் ஸ்பிரிட்தான். வருஷக்கணக்காக அதே பாட்டில்தான், தேவைக்கு ஏற்ப நிரப்பிக்கொள்வார். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து அடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. உடைந்தாலும் ஒழுகவில்லை என்று வைத்துக்கொண்டார். மூடிதான் கொஞ்சம் தளர்ச்சி, பக்கவாட்டில் எப்போதும் கசியும். துணியில் தொட்டு ஒருமுறை வழித்தெடுத்தார். வெள்ளை போயிற்று. அரக்குப் போயிற்று. கருஞ்சாயமும் போயிற்று. அடியிலிருந்து சிவப்பு மேலே வந்தது.

தேய்த்துத் தேய்த்து மேலே பரவியிருந்த மங்கல் எல்லாம் இப்போது இல்லை. மரத்துக்குள் ஆழமாக இறங்கிய கோடு மட்டும்தான் நின்றது. அது வட்டமாக இல்லை, சிந்திய திட்டாகவும் இல்லை. நான்கு கோடு. மூன்று மூலை கச்சிதம், நாலாவது மூலை வெட்டுப்பட்டிருந்தது.

கையில் இருந்த பாட்டிலை அவர் பார்த்தார். வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் வைத்தார். பாட்டில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தச் சண்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடு கழுவியிருந்தது, தரையெல்லாம் ஈரம். பையைக் கீழே வைக்க முடியாமல், பாட்டிலை ஒரு நிமிஷம் என்று மேசையில் வைத்தார். ஒரு நிமிஷம் ராத்திரி முழுக்க ஆயிற்று. விடிந்தும் விடியாமல் தச்சர் கீழேயிருந்து கூப்பிட, போனில் பேசிக்கொண்டே பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ராத்திரி முழுவதும் கசிந்த ஸ்பிரிட், பாலிஷைக் கரைத்துக்கொண்டு மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. யார் வீட்டிலாவது இப்படி ஒரு கறையைக் காட்டியிருந்தால் வாசலில் நின்றபடியே சொல்லியிருப்பார், இது ஸ்பிரிட் என்று.

ஏன் அன்றைக்கு மூக்குக்குத் தெரியவில்லை? முப்பது வருஷமாக ஸ்பிரிட்டிலேயே ஊறின மூக்கு. அவர் சட்டையில், தலையணையில், சாப்பிடுகிற கையில் எல்லாம் அந்த வாசனைதான். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், அவருக்கு மட்டும் தெரியாது. அன்று அவருக்குத் தெரிந்த ஒரே நெடி மகளுடைய சின்ன பாட்டிலின் நெடிதான்.

“இங்க வா” என்று மனைவியைக் கூப்பிட்டார். குரல் வித்தியாசமாக இருந்ததால் அவள் உடனே வந்தாள். அவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார், மறுபடியும் வைத்துக் காட்டினார். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் குனிந்து அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, “இதுக்கா?” என்றாள். “இதுக்கா என் பிள்ளையை அப்படிக் கேட்டீங்க?”

“எனக்குத் தெரியல.”

“எதுதான் உங்களுக்குத் தெரிஞ்சுது.” அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “பிளீச்சிங் பவுடர் வச்சிருக்கீங்களே பையில. அதைப் போட்டா இந்தச் சாயம் போயிடும்ல?”

“போயிடும். ராத்திரி ஊறவச்சா காலையில வெளுத்துடும்.”

“அப்ப போட்டுடுங்க. யாருக்கும் தெரியாது. பள்ளத்து மேல ஒரு துணியை விரிச்சுடலாம். அவளும் கறை தன்னாலதான்னு நெனச்சிட்டே பஸ் ஏறிடட்டும்.”

அவள் சொன்னது யோசனை அல்ல, கோபம். அது அவருக்குப் புரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், ஒரு கணம் அவர் கை பை இருந்த பக்கம் நகர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சில சமயம் அவ்வளவு சுலபமாக இருக்கிறது. நாளைக்கு வரும் பெண்ணிடம் ‘மறந்துடு’ என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டுக்கூட இருக்கலாம். அந்தக் கணத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவர் மிகவும் வெட்கப்பட்டார். வார்த்தைக்கு அடுத்தபடியாக.

பவுடரை எடுக்கவில்லை. பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சதுரம் நன்றாகத் தெரியும்படி அப்படியே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பத்தேகாலுக்கு மகள் வந்தாள். படியேறும் சத்தம் முதல் மாடியில் ஒரு தடவை நின்றது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. பிறகு மறுபடியும் ஏறியது.

இளைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், அப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள், மேசையைப் பார்த்தாள்.  உள்ளே போய் அம்மாவும் அவளுமாகப் பெட்டியில் துணியை அடுக்கினார்கள். சர்டிபிகேட் ஃபைலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பாலிஷ்காரர் வெளியே நின்றுகொண்டே இருந்தார். தன் வீட்டில் எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவி டீ கொண்டுவந்தாள். ஆவி பறக்கும் எவர்சில்வர் டம்ளர். மகள் துப்பட்டா நுனியை மடித்து அதைப் பிடித்துக்கொண்டாள், கைமாற்றிக் கைமாற்றி.

“வை பாப்பா” என்றார் அவர். “சுடுது பாரு. மேசையில வை.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பழக்கமில்லப்பா” என்றாள்.

அதில் குத்தல் இல்லை. அவள் உண்மையைத்தான் சொன்னாள், அதனால்தான் அது அவருக்கு அப்படி வலித்தது. அவர் பையைத் திறந்து பாட்டிலை எடுத்தார்.  பள்ளத்தில் இருந்த சதுரத்தின்மேல் வைத்தார். உடைந்த மூலை உடைந்த மூலையோடு பொருந்தியது.

“நான்தான். முந்தின நாள் நான் வச்சது.”

“தெரியும்” என்றாள் மகள்.

“தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும். நான் வந்து உக்காரும்போதே இருந்துச்சு. பிசுபிசுன்னு. வேற யாரு பாட்டில் சதுரமா இருக்கு? நீங்க வந்து பாத்தா தாங்க மாட்டீங்கன்னுதான் துடைச்சேன். தண்ணி பட்டா வெளுக்கும்னு ஞாபகமில்ல.”

“ஏம்மா சொல்லல?” இதைக் கேட்டது அம்மா.

“சொல்ல விட்டாரா?” டம்ளர் இன்னொரு கைக்குப் போனது. “கறை என்னதில்லன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? கறை என்னதாவே இருந்திருந்தா அப்படிச் சொல்லலாமா?”

டம்ளர் இல்லாத கையின் நகங்களைப் பார்த்துக்கொண்டாள்.

“கடையில கல்லாவுல நிக்கிறவங்க நகச்சாயம் போட்டுத்தான் ஆகணும்னாங்க. முந்தின நாள் பழக்கிவிட்டப்போ போட்டுவிட்டாங்க. உங்களுக்குப் பிடிக்காதேன்னு, நீங்க வர்றதுக்குள்ள அழிச்சிட்டிருந்தேன்பா. போட்டுட்டிருக்கல. அழிச்சிட்டிருந்தேன்.”

டீயைக் குடித்தாள். அடுக்களைக்குப் போய் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள், வந்த இடத்தில் செய்கிற மாதிரி. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெட்டியைத் தூக்கப் போனவளிடமிருந்து பாலிஷ்காரர் அதை வாங்கிக்கொண்டார். அவள் மறுக்கவில்லை.

படியில் அவர் முன்னால், அவள் பின்னால். இரண்டு மாடியும் இறங்கினார்கள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருந்த ஆட்டோ எதிர்ச்சாரியில் நின்றது. இன்னும் இருபது அடி. அதற்குள் சொல்லியாக வேண்டும். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“பாப்பா. அந்த வார்த்தையைச் சொன்னேன்ல. அது தப்பு. கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன், கோவம் வந்தா என்ன வேணா சொல்லலாமா. நீ என்ன பண்ணியிருந்தாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுடு. மன்னிக்க முடியலைன்னா...” ஒருமுறை ஆட்டோவைப் பார்த்தார். “முடியலைன்னாலும் உன் மேல தப்பில்ல.”

ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். மகள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். மில் மாவு அவள் செருப்பின்மேல் வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது.

“மேசையை ஏன்பா அப்படி ஆக்கி வச்சிருக்கீங்க?” என்றாள் கடைசியில்.

“நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பாத்தேன்.”

“சரி பண்ண முடியுமா?”

“முடியும்.”

“எத்தனை நாளாகும்?”

முப்பது வருஷத்துப் பழக்கம், ‘நாளைக்கு’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார்.

“நாளாகும் பாப்பா. பள்ளத்தை அடைக்க முடியாது, அடைச்சா தெரியும். சுத்தியிருக்கிற நல்ல பலகையை எல்லாம் அந்த அளவுக்கு எறக்கணும். முழுசும். அப்புறம்தான் முதல்லேர்ந்து பாலிஷ் ஏத்தணும். ரெண்டு மாசம் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம்.”

“நாளைக்குன்னு சொல்லலையே” என்றாள்.

“இல்ல.”

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். தெருவைக் கடந்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, “முடிஞ்சதும் போன் பண்ணுங்க” என்றாள்.

“எடுப்பியா?”

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. ஆட்டோ போய்விட்டது.

அவர் மேலே ஏறி வந்தார். மனைவி சன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள், சத்தம்தான் கேட்டிருக்காது. “என்ன சொன்னா?” என்றாள்.

“எத்தனை நாளாகும்னு கேட்டா.”

மனைவி மில் தூசி வராமல் சன்னலைச் சாத்தினாள். பாலிஷ்காரர் புது உப்புத்தாள் ஒன்றை எடுத்து நாலாக மடித்தார். கறை இருந்த பக்கம் போகவில்லை. மேசையின் மறுகோடிக்குப் போனார். அங்கே ஒரு கீறல்கூடக் கிடையாது, இருபத்தாறு வருஷத்துப் பாலிஷ், குனிந்தால் முகம் தெரிந்தது. அந்த முகத்தின்மேல் தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.